பாட்டன் சிறுவனாக இருந்த நாள்



டோரேமான் என்ற நீலநிறப் பூனையை நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். காது இல்லாத பூனை. வயிற்றில் ஒரு பை. அந்தப் பைக்குள் கை விட்டால் வராத பொருள் இல்லை. ஜப்பானில் பிறந்த இந்தப் பூனை நம் நாட்டுத் தொலைக்காட்சியில் மலாய் பேசியது. தோட்டத்து லயமானாலும் சரி, தோட்டம் கைமாறிய பின் நம் மக்கள் குடியேறிய அடுக்குமாடி வீடானாலும் சரி, மாலை நேரத்தில் பிள்ளைகளின் கூச்சல் திடீரென்று அடங்கினால் பூனை வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். “பொம்மைப் படம்தானே” என்று பெரியவர்களாகிய நாம் அடுப்படிக்குப் போய்விடுகிறோம். இன்று அப்படிப் போகாமல், அந்தப் பொம்மைப் படத்தில் வரும் இரண்டு கதைகளைச் சற்றே உட்கார்ந்து பார்ப்போம். அதில் ஒரு கதை நம் குடும்பங்களுக்கு மிக அருகில் வந்து போகிறது. வந்து போவது அதற்கே தெரியாது.

முதலில் பூனை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகளுக்குத் தெரிந்த சேதிதான், பெரியவர்களுக்காகச் சொல்கிறோம். நோபிட்டா என்று ஒரு பையன். படிப்பில் மந்தம், ஓட்டத்தில் கடைசி, தூக்கத்தில் முதல். அவனுடைய எள்ளுப் பேரன், அதாவது பேரனுக்குப் பேரன், 22ஆம் நூற்றாண்டில் வறுமையில் வாடுகிறான். முன்னோன் ஒருவன் பொறுப்பில்லாமல் வாழ்ந்ததால் வந்த கடன் அது. “அந்தப் பாட்டனைச் சிறு வயதிலேயே திருத்திவிட்டால் நமக்கு விடிவு பிறக்கும்” என்று எண்ணி, ஓர் எந்திரப் பூனையைக் காலத்தில் பின்னோக்கி அனுப்புகிறான். அந்தப் பூனைதான் டோரேமான். ஆக, ஒரு பேரப்பிள்ளை தன் பாட்டனின் சிறு பருவத்துக்குள் நுழைவதே இந்தக் கதை முழுமைக்கும் அடிப்படை. சிரிப்புக்கு நடுவே இதைப் பலரும் கவனிப்பதில்லை.

இதை வரைந்தவர் ஹிரோஷி புஜிமோட்டோ. புஜிக்கோ எஃப். புஜியோ என்ற புனைபெயரில் எழுதினார். 1933ஆம் ஆண்டு ஜப்பானின் தக்காவொக்கா நகரில் பிறந்து, 1996இல் மறைந்தார். 1969ஆம் ஆண்டின் இறுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏடுகளில் டோரேமானைத் தொடங்கினார். 1979 முதல் அது தொலைக்காட்சியில் நிலைபெற்றது. போர் முடிந்த 1945இல் அவருக்குப் பதினோரு வயது. இந்த வயதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் கதை 1970இல் வெளிவந்தது. நோபிட்டாவின் பாட்டி அவன் சின்னஞ்சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். ஒரு நாள், பாட்டி தன் கையால் ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்த பழைய கரடிப் பொம்மை அவன் கண்ணில் படுகிறது. உடனே பாட்டியைப் பார்க்க வேண்டும் என்று அழுகிறான். அவன் மேசை இழுப்பறைக்குள் காலத்தைக் கடக்கும் வண்டி ஒன்று இருக்கிறது. அதில் ஏறிப் பழைய நாளுக்குப் போகிறான். அங்கே பாட்டி உயிரோடு இருக்கிறார். “என் பேரன் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துவிட வேண்டும்” என்பது அவருடைய ஆசை. நோபிட்டா ஓடிப்போய்த் தன் பள்ளிப் பையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து, “பாட்டி, நான்தான் நோபிட்டா” என்கிறான். வேறு யாராக இருந்தாலும் “யாரடா நீ?” என்று விரட்டியிருப்பார்கள். பாட்டி சந்தேகப்படவே இல்லை.

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பாட்டி கையால் சோறு உண்டு வளர்ந்த யாருக்கும் இது புரியும். இந்தக் கதையைப் பார்க்கும்போது பிள்ளைகளைவிட அவர்களுடைய தாய்மார்கள்தாம் அதிகமாகக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது கதையைப் பற்றித்தான் நாம் அதிக நேரம் பேச வேண்டும்.

நோபிட்டாவின் அப்பா ஒரு நாள் பழைய நினைவில் மூழ்குகிறார். 1945ஆம் ஆண்டு ஜூன் மாதம். அவர் அப்போது பள்ளிப் பையன். போர் உச்சத்தில் இருந்ததால் நகரத்துப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். பெற்றோர் அருகில் இல்லை. வயிற்றுக்குச் சோறு இல்லை. நாள் முழுதும் வயலில் மண் வெட்டும் வேலை. ஒரு மாலை, தாங்க முடியாமல் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதபோது, வெள்ளை அல்லிப்பூ மாதிரி ஒரு பெண்பிள்ளை வந்து, ஒரு சாக்லேட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அந்த முகத்தை மட்டும் அவர் மறக்கவில்லை.

அந்தப் பெண்ணைப் புகைப்படம் எடுத்து அப்பாவுக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று நோபிட்டாவும் பூனையும் கிளம்புகிறார்கள். அழகான பெண்ணைப் பார்க்கும் ஆசையும் நோபிட்டாவுக்கு உண்டு. போய் இறங்கினால், அவன் வயதுப் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து நிலத்தைக் கொத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியர் அதட்டுகிறார். மெலிந்த பையன் ஒருவன் தள்ளாடுகிறான். அவன்தான் அப்பா. பரிசு தேடி வந்த பையன் பட்டினியைப் பார்க்கிறான். பிறகு நேர்ந்த பல குளறுபடிகளால், கடைசியில் பெண்பிள்ளை உடையும் நீண்ட முடியுமாக நிற்பவன் நோபிட்டாவேதான். ஆற்றங்கரையில் அழும் சிறுவனைக் கண்டு மனம் பொறாமல் தன்னிடமிருந்த சாக்லேட்டைக் கொடுப்பவனும் அவன்தான். அப்பா ஆயுள் முழுதும் நினைத்திருந்த அல்லிப்பூப் பெண் அவர் பெற்ற மகனே!

பிள்ளைகள் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டிய இடம்தான்.

இந்தக் கதை 1970களில் வந்தபோது, நாற்பது வயதை நெருங்கிய ஓர் அப்பாவின் கதை. அதே அப்பா இன்று இருந்தால் தொண்ணூறைத் தொட்டிருப்பார். ஆகையால் இன்றைய பிள்ளைக்கு இது தாத்தாவின், இன்னும் சொன்னால் கொள்ளுத் தாத்தாவின் கதை. கதையை எழுதியவருக்கும் அப்போது அந்த ஆற்றங்கரைப் பையனின் வயதுதான். அவருடைய பள்ளித் தோழரும் தொழில் கூட்டாளியுமான மோட்டோ அபிக்கோ 1944இல் ஊர்விட்டு ஊர் அனுப்பப்பட்ட பிள்ளைகளில் ஒருவர். சாக்லேட்டும் பூனையும் கற்பனை; பசியும் மண்வெட்டியும் கற்பனை அல்ல.

நகரத்துப் பிள்ளைகளை ஏன் அனுப்பினார்கள்? 1944ஆம் ஆண்டு நடுவில் அமெரிக்க விமானங்கள் ஜப்பானிய நகரங்களை எட்டக்கூடிய நிலை வந்தது. தோக்கியோ, ஒசாக்கா முதலிய பெரு நகரங்களில் மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளை, உறவினர் வீட்டுக்குப் போக வழியில்லாதவர்களைப் பள்ளி பள்ளியாகத் திரட்டி, கிராமத்துக் கோயில்களிலும் விடுதிகளிலும் தங்க வைத்தது அரசாங்கம். இப்படிக் கூட்டமாகப் போனவர்கள் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் பேர். பாய் நிறையப் பேன். தட்டில் அளந்து வைத்த கஞ்சி. வீட்டுக்கு எழுதும் கடிதத்தைக்கூட ஆசிரியர் பார்த்துத்தான் அனுப்புவார். “பசிக்கிறது” என்று எழுத முடியாது. அங்கே பெண்பிள்ளைகள் துணிப்பைக்குள் பயறு வைத்துத் தைத்து, தூக்கிப்போட்டுப் பிடித்து விளையாடுவார்கள். தாய்மார்கள் அந்தப் பைக்குள் வறுத்த பயற்றை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். பிள்ளைகள் பையைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தின்றார்கள். விளையாட்டுச் சாமான் என்ற பெயரில் போன உணவு அது. தாய் எந்த நாட்டிலும் தாய்தான்.

அனுப்பப்பட்ட எல்லாரும் பிழைக்கவும் இல்லை. 1944 ஆகஸ்டு 22ஆம் நாள், ஒக்கினாவாத் தீவிலிருந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற ட்சுஷிமா மாரு என்ற கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. எழுநூறுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் கடலில் மாண்டனர். 1945 மார்ச்சு 10ஆம் நாள் இரவு தோக்கியோவில் குண்டு மழை பெய்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு, மேல்வகுப்புக்காக அப்போதுதான் வீடு திரும்பியிருந்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

சரி, இதையெல்லாம் தோட்டத்து மக்களாகிய நமக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். அதே 1945 ஜூன் மாதத்தில் நம் வீட்டுப் பாட்டன் எங்கே இருந்தார் என்று ஒரு நிமிடம் கணக்குப் பாருங்கள்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள். ரப்பரை ஏற்றிப்போகக் கப்பல் இல்லை. பல தோட்டங்களில் பால்வெட்டு நின்றுபோனது. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அரிசி மறைந்து, மரவள்ளிக்கிழங்கே காலையும் மாலையும் என்றாயிற்று. துணி கிடைக்காமல் சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டார்கள். கொயினா மருந்து இல்லாததால் மலேரியாக் காய்ச்சல் லயம் லயமாகப் படுக்க வைத்தது.

கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. மலாயாவின் நேரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சூரியனுக்கு இந்த ஆணை தெரியாதல்லவா? கடிகாரம் ஆறு காட்டும்போது வெளியே நடு இருட்டாக இருக்கும். நாங்கள் சந்தித்த ஒரு முதியவர் இதைச் சொல்லிச் சிரித்தார். பெரட்டுக்குப் போகும் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு, கண் தெரியாத இருட்டில் நடந்தது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. பள்ளியில் கற்ற ஜப்பானிய எண்களையும் அவர் மறக்கவில்லை. இச்சி, நி, சான் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். காலையில் சாப்பிட்டது மறந்துவிடுகிறதாம். அது மட்டும் மறக்கவில்லையாம்.

அடுத்து வந்ததுதான் சயாம். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியப் படை முடிவு செய்தது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் பாதையை முடித்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகள் அங்கே பட்ட பாட்டைப் பற்றிப் படம் வந்தது; நூல்கள் வந்தன. ஆனால் அங்கே மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் நம் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் போதாமல் போனதும் பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசப் படக்காட்சி என்று கூட்டம் சேர்த்து, கொட்டகை நிறைந்ததும் கதவைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களை ரயிலேற்றிய செய்தியும் பதிவாகியிருக்கிறது. படம் பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. காலராவிலும் காய்ச்சலிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே மாண்டனர். கைதிகளுக்காவது பிறகு கல்லறையும் பெயரும் கிடைத்தன. நம்மவர்களில் மிகப் பலருக்குப் பெயர்ப் பட்டியலும் இல்லை. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலைப் படித்தவர்களுக்கு அந்தக் காடும் மழையும் கண்முன் நிற்கும்.

பாதை 1943இல் முடிந்தது என்றோம். முடிந்ததும் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. பாதையைப் பழுது பார்க்க, போர் முடியும் வரை பலரை அங்கேயே வைத்திருந்தார்கள். ஆகவே 1945 ஜூனில், ஜப்பானில் ஒரு பையன் ஆற்றங்கரையில் அழுத அதே மாதத்தில், நம் தோட்டங்களில் எத்தனையோ பிள்ளைகள் லயத்து வாசற்படியில் உட்கார்ந்து அப்பாவை எதிர்பார்த்திருந்தார்கள். அவர்கள் கையில் சாக்லேட்டு கொடுக்க யாரும் காலத்தைக் கடந்து வரவில்லை.

பிள்ளைகள் கூர்மையானவர்கள். இதைக் கேட்டதும், “அப்படியானால் நோபிட்டாவின் அப்பா கெட்டவரா? டோரேமானைப் பார்க்கக் கூடாதா?” என்று கேட்பார்கள். எட்டு வயதுப் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது? நாங்கள் சொல்லக்கூடியது இது. அந்தப் பையனைப் பட்டினி போட்டு மண் வெட்ட வைத்த அரசாங்கமும், நம் பாட்டனின் அப்பாவைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போன படையும் ஒரே இடத்து ஆணைக்குக் கட்டுப்பட்டவை. அந்தப் பையன் யாரையும் பிடித்துப் போகவில்லை. அவனும் எடுத்துச் செல்லப்பட்டவனே. படத்தைத் தாராளமாகப் பார்க்கட்டும், அழட்டும், சிரிக்கட்டும். ஆனால் அந்தப் படம் தன் ஊர்ப் பிள்ளையின் பசியை மட்டும் காட்டுகிறது. அதே போர் கடல் கடந்து எங்கே என்ன செய்தது என்று அது வாய் திறப்பதில்லை. ஒரு சிறுவர் கதையிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அந்த மிச்சத்தைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். நோபிட்டாவின் மேசை இழுப்பறை ஜப்பானுக்குத்தான் திறக்கும். சயாம் காட்டுக்கும், கெடா, பேராக், சிலாங்கூர், ஜொகூர் தோட்டங்களுக்கும் திறக்கக்கூடிய இழுப்பறை நம் வீட்டு மூலையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறது.

அப்படி உட்கார்ந்திருப்பவர்கள் இன்று மிகச் சிலரே. அந்த நாளில் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறு. அவரைக் காணக் கொடுத்து வைக்காத வீடுகளில், அவருடைய மகனோ மகளோ எழுபது வயதில் தாத்தா பாட்டியாக இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு சிறுவயது உண்டு. அது வேறு கதை. 1948 முதல் 1960 வரை நாட்டில் அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டிலிருந்தவர்களுக்கு உணவு போய்விடக் கூடாது என்பதற்காக அரிசியை அளந்து கொடுத்தார்கள். வெட்டுக்குப் போகிறவர் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோக முடியாது. வேலி வாசலில் சோதனை உண்டு. அந்த வேலிக்குள் கோலி விளையாடி, ஆயாக் கொட்டகையில் தூங்கி, ஒட்டுப்பால் உருட்டிப் பந்து செய்து உதைத்து வளர்ந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். யாரும் கேட்பதில்லை என்பதுதான் அவர்கள் குறை.

கேட்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. “தாத்தா, உங்கள் சின்ன வயதைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று நோட்டுப் புத்தகத்தோடு எதிரே உட்கார்ந்தால், “என்னத்தைச் சொல்ல, கஷ்டப்பட்டோம்” என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். கரடிப் பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். நோபிட்டாவுக்குப் பாட்டியிடம் வழி திறந்தது ஒரு பொருளால். நம் வீட்டுத் தகரப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தேய்ந்துபோன பால்வெட்டுக் கத்தி இருக்கலாம். பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வாழைமரம் அச்சடித்த ஜப்பான் காலத்து நோட்டு, ஏதாவது ஒன்று இருக்கும். அந்த நோட்டு 1945இல் ஒரே நாளில் வெறும் காகிதம் ஆயிற்று. ஆனாலும் தூக்கி எறிய மனம் வராமல் வைத்திருந்த வீடுகள் உண்டு. அந்தப் பொருளைத் தாத்தாவின் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளை பேசாமல் இருக்கட்டும். கை அதைத் தடவும். வாய் தானாகத் திறக்கும். பாட்டிமார்களுக்கு அடுப்படிதான் நல்ல இடம். மரவள்ளிக்கிழங்கைத் தோல் உரிக்கும்போது கேளுங்கள். “இதை எத்தனை விதமாகச் சமைத்தீர்கள்?” என்று கேட்ட ஒரு பேத்திக்கு மூன்று மாலைகள் போதவில்லை.

இதில் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. கிழவர் சொல்வதில் கணக்கு உதைக்கும். ஒரு நாள் புலியைப் பத்தடியில் பார்த்தேன் என்பார். அடுத்த மாதம் அது ஐந்தடியாகிவிடும். 1943இல் நடந்ததை வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு நடந்ததாகச் சொல்வார். “போன முறை வேறு மாதிரி சொன்னீர்களே” என்று மடக்கினால் இழுப்பறை மூடிக்கொள்ளும். அல்லிப்பூப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். நோபிட்டாவின் அப்பா நினைவில் வைத்திருந்த அழகுப் பெண் உண்மையில் அழகும் இல்லை, பெண்ணும் இல்லை. அவர் பொய் சொன்னாரா? பசியில் இருந்த பிள்ளைக்கு ஒருவர் இரக்கம் காட்டினார். அந்த இரக்கத்துக்கு அவர் மனம் ஒரு முகம் கொடுத்தது. தாத்தாவின் புலி ஐந்தடியிலா ஐம்பதடியிலா என்பது அவ்வளவு முக்கியமில்லை. இருட்டில் தனியாக வெட்டுமரத்துக்குப் போன சிறுவனின் பயம் உண்மை. ஆண்டையும் ஊரையும் பிறகு பிறப்புப் பத்திரத்தோடும் மற்றவர்கள் சொல்வதோடும் ஒப்பிட்டுச் சரி செய்துகொள்ளலாம்.

ஒன்றுக்கொன்று ஒவ்வாத நினைவுகளும் வரும். ஜப்பான்காரனைத் திட்டித் தீர்த்த அதே பாட்டனார், 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்ததைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்காருவார். தோட்டத்துப் பிள்ளைகள் இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்ததையும், நம் வீட்டுப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தியதையும் பெருமையோடு கூறுவார். அந்தப் படைக்குத் துணை நின்றதும் அதே ஜப்பான்தான். சயாமுக்குத் தப்பிக்கவே சிலர் படையில் சேர்ந்தார்கள். “இது எப்படித் தாத்தா பொருந்தும்?” என்று பள்ளியில் வரலாறு படிக்கும் பேரன் கேட்பான். கேட்கட்டும். பாட்டனாரும் யோசிக்கட்டும். அந்த நாளில் வாழ்ந்தவர்களுக்குப் பெருமையும் அச்சமும் வேறு வேறு பெட்டியில் இருக்கவில்லை.

சில வீடுகளில் வாய் திறக்கவே மாட்டார்கள். கணவன் சயாமில் இறந்தான் என்று எண்ணி மறுமணம் செய்துகொண்ட பெண்கள் இருந்தார்கள்; பிறகு அவன் உயிரோடு திரும்பி வந்த வீடுகளும் இருந்தன. பசி தாளாமல் பிள்ளையைப் பிறர் கையில் கொடுத்த தாயும் உண்டு. அப்படிப்பட்ட கதவைத் தட்டித் திறக்க வேண்டாம். பேச்சு நின்ற இடத்தில் பிள்ளை ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். அவராக விரும்பினால் இன்னொரு நாள் தொடருவார்.

கேட்டதை எழுதி வைக்க நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்று போதும். கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் குரலையும் பதிவு செய்துகொள்ளலாம். தாத்தாவின் இருமலோடு சேர்ந்து பதிவானாலும் குற்றமில்லை. கதையை எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும், எழுத்துப்பிழை இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பெயர்களை மட்டும் கேட்டுக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். சயாமுக்குப் போனவர் யார், அவர் தகப்பனார் பெயர் என்ன, எந்தக் கங்காணியின் ஆள், எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர், கூடப் போனவர்கள் யார் யார், திரும்பியவர் எத்தனை பேர். பட்டியல் இல்லாதவர்கள் என்று முன்னே சொன்னோமே, அவர்களுக்குப் பட்டியல் எழுதக்கூடிய கடைசிக் கைகள் இந்தப் பிள்ளைகளுடையவை.

தோட்டத்தின் பெயரையும் இரண்டு விதமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கம்பெனி வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று இருக்கும். அது ஏதாவது ஓர் அலுவலகக் கோப்பில் கிடைத்துவிடும். நம் மக்கள் வாயில் வழங்கிய பெயர் வேறு. ஒரு துரையின் பெயராலோ, முதலில் ஆள்கட்டி வந்த கங்காணியின் பெயராலோ, வாசலில் நின்ற ஒரு மரத்தாலோ வந்த பெயர் அது. மரம் போய்விட்டது, லயம் இடிந்துவிட்டது, அந்த இடத்தில் இன்று வீடமைப்புத் திட்டமோ செம்பனையோ நிற்கிறது. அந்தப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் கேட்டுச் சரிபார்த்து, நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதச் சொல்லுங்கள்.